நடக்காத கல்யாணத்துக்கு இரண்டு சாட்சிகள்

காமிக்ஸ் புத்தகத்தில் செத்துப்போன ஒரு பெண்ணுக்காக என் அண்ணன் எட்டு மாதம் தாடி வளர்த்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அண்ணனுக்கு இருபத்தெட்டு வயது, ரயில்வே சரக்குப் பிரிவில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் அவனுக்கு ஐந்து வயது இளையவள், டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருவருக்கும் ஒரே பைத்தியம், அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு காமிக்ஸ். அதன் நாயகனை நாங்கள் நீலச்சட்டை என்போம். பகலில் பல் டாக்டர். ஊருக்கு ஆபத்தென்றால் நீலச்சட்டையை மாட்டிக்கொண்டு, பாதி பிடுங்கிய பல்லோடு நோயாளியை விட்டுவிட்டுப் பறந்துவிடுவார். அவருடைய கிளினிக்கில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண்ணைத்தான் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாண இதழ் வந்தபோது நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மணப்பெண்ணின் உடுப்பைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து வைத்திருந்தேன்.

அவள் ஓர் அணை உடையாமல் தடுக்கப்போய்ச் செத்துப்போனாள். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சவரமும் செய்யவில்லை. காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்ட அம்மா, அந்தப் பெண் யாரென்று கண்டுபிடிக்கத் தெருவையே சல்லடை போட்டுச் சலித்தார். கடைசியில் நான்தான் உண்மையைச் சொன்னேன்.

"படத்துல இருக்கறவளுக்கா?"

"அவங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்மா," என்றேன். அம்மா என்னையும் ஒரு மாதிரி பார்த்தார்.

புத்தகங்களை நாங்கள் வாங்கியது கிள்ளானில், ஒரு பழைய புத்தகக் கடையில். கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் போட்டுப்போகும் கட்டுகளைக் கடைக்கார அங்கிள் வாங்கி வைப்பார். முன்னது பின்னதாகத்தான் கிடைக்கும். அட்டையிலுள்ள எண்ணைப் பார்த்து அடுக்கிப் படிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் புதுக் கட்டைப் பிரித்தான். மூன்றாம் பக்கத்திலேயே நீலச்சட்டை ஒரு கிழவியின் வாய்க்குள் கையை விட்டபடி, "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழைய புக்கு போல," என்றான் அண்ணன்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அவள் செத்ததற்கு அப்புறம் வந்த எண். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, மறுபடி கிள்ளானுக்கு பஸ் ஏறினோம்.

"அங்கிள், இதுக்கு அட்டை மாத்தி ஒட்டிட்டீங்களா?" அண்ணன் கொஞ்சம் காட்டமாகத்தான் கேட்டான்.

அங்கிள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பி, நான் பழைய புக்கு விக்கிறவன். என்கிட்ட பசைகூட இல்லலா." பிறகு அவரே கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இங்க என்னமோ எழுதியிருக்கான், படிச்சீங்களா?"

ஆசிரியர் எழுதிய குறிப்பு அது. கதை நீண்டு சிக்கலாகிவிட்டதாம், புதிதாக வருகிறவர்களுக்குப் புரியவில்லையாம். ஆகவே எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறதாம். இதுவரை வந்தவை நடக்கவே இல்லை என்று வாசகர்கள் அன்புடன் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

அண்ணன் அதை மூன்று தடவை படித்தான். "அவ செத்துட்டான்னா மனசு ஆறும். அவ இல்லவே இல்லைன்னா எப்படி?" என்று அங்கிளைக் கேட்டான். அங்கிள் பாவம், அவருக்கென்ன தெரியும். பல் டாக்டரின் பெண்டாட்டிக்காகக் கிள்ளானில் நின்று அழ வெட்கமாயிருந்ததால் பக்கத்துக் கடையில் வடை வாங்கித் தின்றேன்.

மறுநாள் காலையில் அண்ணன் தாடியை எடுத்துவிட்டான். அம்மா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்.

அந்த வாரமே அண்ணன் காமிக்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினான். காணாமல்போன சரக்குக்கு ரயில்வேயில் எழுதுவார்களே, அதே நடையில். மேற்படி திருமணம் இன்ன எண் இதழில் பதினான்கு பக்கங்களில் நடந்தேறியது, மேற்படி பெண்ணின் மரணத்தை நாங்கள் இருவரும் நேரில் படித்தோம், கணவர் இப்போது மறுப்பது முறையல்ல என்றெல்லாம். மதிய இடைவேளையில் ஆபீசில் உட்கார்ந்து அதை டைப் அடித்தேன். பாதியில் தேநீர் வாங்கப் போய்த் திரும்பியபோது காகிதம் என் வக்கீல் கையில் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்து நான் பார்த்ததில்லை.

"இதென்ன பிள்ளை? புருஷன் கலியாணமே நடக்கேல்லை எண்டு சொல்லுறானோ?"

"ஆமா சார்."

"சாட்சி இருக்கோ?"

"ரெண்டு பேர் இருக்கோம் சார். நானும் எங்கண்ணனும்."

"கலியாணத்துக்குப் போனனீங்களோ?"

"போகல சார். படிச்சோம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ அந்தப் புத்தகங்களை நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார். நாற்பது இதழ்களை வீட்டுக்கு எடுத்துப்போய், பத்து நாள் கழித்து முக்கியமான பக்கங்களில் அடையாளச் சீட்டு வைத்துக் கொண்டுவந்தார்.

"மனுசியின்ர பக்கம் நல்ல ஸ்ட்ரோங்," என்றார். "இது இப்பிடி எழுதக் கூடாது. நான் சொல்லுறன், டைப் அடி."

ஆபீஸ் பெயர் அச்சடித்த தாளில், அவர் கையெழுத்தோடு கடிதம் போயிற்று.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அண்ணனும் அரைநாள் லீவு போட்டு ஆபீசுக்கு வந்துவிட்டான். கம்பெனியின் சட்டப் பிரிவு எழுதியிருந்தது. தலைப்பில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்'. இதில் சொல்வது எதையும் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்கு வக்கீல்கள் போடும் சொற்கள் அவை. அப்படியொரு திருமணம் நடந்ததாக ஏற்றுக்கொள்ளாமலே, மேற்படி பெண்மணியின் மறைவுக்குக் கம்பெனி தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது என்றிருந்தது.

வக்கீல் அன்றுதான் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். "இல்லாத ஆளுக்கு ஆரும் அனுதாபம் சொல்லுவினமோ? வசமா மாட்டுப்பட்டுட்டாங்கள்."

அண்ணன் எழுந்து அவருக்குக் கை கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அவ இருந்தாம்மா, ஒத்துக்கிட்டாங்க," என்றான். அம்மா, சரி, கைகால் கழுவிட்டுச் சாப்பிட வா என்றார்.

அதோடு நீலச்சட்டையைத் தலைமுழுகிவிடுவது என்று இருவரும் முடிவு செய்தோம். நான் அப்படியே இருந்தேன். இரண்டு மாதம் கழித்து, துவைப்பதற்காக அண்ணனின் தலையணை உறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு புது இதழ் விழுந்தது.

"புதுசா ஒரு நர்ஸ் வந்திருக்கா," என்றான் என் முகத்தைப் பார்க்காமல். "நல்ல பொண்ணாத்தான் தெரியுது."

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த இதழை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அந்த நர்ஸிடம் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் வந்தது.