இருபது நிமிடம் வெந்த கத்தி

கத்தி செய்ய எனக்கிருந்த ஒரே தகுதி, மொட்டை மாடிச் சாவி என்னிடம் இருந்ததுதான். ஜி.எஸ்.டி. ரோட்டுப் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கினேன். கரி அடுப்பு மூட்டி, மனைவியின் ஹேர் டிரையரால் ஊதினேன். காந்தம் ஒட்டாத அளவு பழுத்த பிறகு எண்ணெயில் முக்க வேண்டும். முதல் கத்தி பழுக்கவே இல்லை. இரண்டாவது எண்ணெய் வாளிக்குப் போகும் வழியிலேயே ஆறிப்போனது. மூன்றாவது கொய்யாக்கிளை போல் வளைந்தது. நான்காவதன்மேல் அரம் வைத்தால் வழுக்கியது. அப்படியொரு விறைப்பு! மாடியிலேயே ஒரு ஆட்டம் போட்டேன்.

ஆனால் அந்த விறைப்பு கண்ணாடி ஜாதி, தட்டினால் தெறிக்கும். இருநூறு டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்துத் தணிக்க வேண்டும். வைத்தேன். இருபதாவது நிமிடம் கரண்ட் போனது. வந்தபோது மனைவி கேக் மாவோடு ஓவன் முன்னால் நின்றாள். கத்தி லேசாக மஞ்சளாகியிருந்தது. போதும் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

எதிர் ஃபிளாட் அக்கா கணக்கு டீச்சர். அவர் கணவருக்குத் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் வேலை. கத்தியை அக்காவுக்குக் கொடுக்கும்போது, இரண்டு மணி நேரம், அதுவும் இரண்டு தடவை வேகவைத்தது என்று அளந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா கத்தியோடு வந்து நின்றார். பூசணிக்காய் நறுக்கியிருக்கிறார். கழுவும்போதுதான், விளிம்பில் அரிசி அளவு பெயர்ந்திருப்பதைப் பார்த்தாராம். கூட்டு கணவரின் டிபன் பாக்ஸில் ஏறிப் போயாகிவிட்டது.

"பூசணியில வச்சு முறுக்கினீங்களாக்கா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அக்கா என் முன்னாலேயே கணவருக்குப் போன் போட்டார். நல்லவேளை, அவர் இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை.

"கூட்டைத் தொடாதீங்க, கத்தித் துண்டு விழுந்திருக்கலாம். தம்பி பாவம், ஆசையா செஞ்சு குடுத்தது. நான்தான் முறுக்கி உடைச்சிட்டேன்."

பக்கத்தில் நான் பாவமாக நின்றேன். அந்த வேலை மட்டும் எனக்குப் பிசகே இல்லாமல் வரும்.

அக்கா வீட்டுக் குப்பைக்கூடையில் இருவரும் பூசணித் தோலைக் கிளறினோம். ஒரு தோலில் துண்டு செருகியிருந்தது. "ஸ்தோத்திரம்" என்றார் அக்கா. சாப்பிடச் சொல்லலாம் என்று மறுபடி போனை எடுத்தார்.

நான் துண்டைக் கத்தியின் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தேன். பாதிதான் நிரம்பியது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ஒரு நொடி என்பதும் பொய். இரண்டு ரிங் போகும்வரை யோசித்தேன்.

"அக்கா, சாப்பிட வேணாம்னு சொல்லுங்க. மீதி கூட்டுல இருக்கலாம். நீங்க முறுக்குனதால இல்ல. இருபது நிமிஷம்தான் ஓவன்ல வச்சேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அக்கா திட்டவில்லை. போனை என் கையில் கொடுத்தார். "என் மேல தப்பில்லன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க தம்பி." அடுப்பிலிருந்த மிச்சக் கூட்டைக் குப்பையில் கவிழ்க்கப் போனார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, கொட்டிடறேன்," என்றார் அவர். "தயிர்சாதம் இருக்கு. அதையாவது சாப்பிடலாமா, இல்ல அதுலயும் ஏதாவது செஞ்சு வச்சிருக்கீங்களா?"

வழக்கமாக, பதிலுக்கு எதையாவது அளந்துவிட இப்படியொரு வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டேன். அன்று, "சாப்பிடுங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.