மாம்பழ வேப்பும் நாற்பத்தெட்டு நாள் விரதமும்

நான் சிகரெட்டை விட்ட கதையைக் கேட்காதவர்கள் எங்கள் பிளாட்டில் கிடையாது. தப்பித்தவர்களையும் லிப்டில் மடக்கிச் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் என் மனைவியின் நுரையீரலில் ஒரு நிழல் தெரிவதாக எக்ஸ்ரேயில் வந்தது. பரிசோதித்துவிட்டு, புற்றுநோய் இல்லை, ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்து, வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார்கள். அன்றைக்கே மருத்துவமனை வாசலில் சிகரெட்டைப் பெட்டியோடு குப்பைத்தொட்டியில் போட்டேன். முப்பது வருஷப் பழக்கம். மறுநாள் ஜெலுத்தோங்கில் ஒரு கடைக்குப் போய் வேப் என்கிற மின்சிகரெட் வாங்கியதை மட்டும் கொஞ்சம் சின்னக் குரலில் சொல்வேன்.

அதோடு தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடனும் வைத்தேன். அந்த நிழல் வளராமல் இருந்தால் போதும், வரும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், நாற்பத்தெட்டு நாள் இறைச்சி, மது, சிகரெட் எதையும் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். வேப்பைப் பற்றி முருகனிடம் நான் பேச்சே எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டின் கீழ்த்தள மண்டபத்தில் விரதம் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர் தினமும் மாலையில் பஜனைக்குக் கூடுவோம். மாலை போட்டுவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் 'சாமி'தான். பஜனை முடிந்து கடலைச் சுண்டல் கைக்கு வந்ததும் பேச்சு நாட்டு நடப்புக்குப் போகும். அந்த வருஷம் நாட்டு நடப்பு என்றால் வேப்தான். சில மாநிலங்களில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள், எங்கள் மாநிலத்தில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு சாமிகளில் ஏழு பேர் ஜிப்பாப் பையில் வேப் வைத்திருந்ததால் விவாதம் சூடாகவே நடந்தது.

"இங்கயும் தடை வரும்லா, பாருங்க," என்றார் குருசாமி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், விரதத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"தடை பண்ணா எல்லாரும் திரும்ப சிகரெட்டுக்குத்தான் போவாங்க சாமி," என்றேன். "என்னையே பாருங்க. வேப் இல்லன்னா இன்னிக்கு நான் எங்க இருப்பேன்?"

"என் கிளாஸ் பசங்க பென்சில் பெட்டியில வச்சிருக்கானுங்க," என்றார் பள்ளி ஆசிரியரான ஒரு சாமி. "பாத்தா மார்க்கர் பேனா மாதிரியே இருக்கு. அவனுங்க எந்த சிகரெட்ட விட்டுட்டு இதுக்கு வந்தானுங்க, சொல்லுங்க?"

இன்னும் கொஞ்சம் சுண்டல் கேட்டேன்.

ஆனால் அந்த ஆசிரியர் சும்மா இருக்கவில்லை. இருபதாம் நாளோ என்னவோ, வேப் திரவத்தில் கிளிசரின் என்று ஒன்று இருக்கிறது, அதை மாட்டுக் கொழுப்பிலிருந்தும் எடுப்பார்களாம் என்று ஒரு குண்டைப் போட்டார். ஏழு சாமிகளின் கைகளும் ஏழு ஜிப்பாப் பைக்குப் போயின. நுரையீரலுக்கு என்ன ஆகும் என்று இத்தனை நாள் கத்தியும் அசையாதவர்கள், சைவமா அசைவமா என்றதும் ஆடிப்போய்விட்டோம். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விரதம் முறிந்திருந்தால் நேர்த்திக்கடன் போச்சு. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் என் மனைவிக்கு ஸ்கேன் இருந்தது. அந்த நிழலுக்கும் எனக்கும் நடுவில் இந்த விரதம் ஒன்றுதான் நிற்கிறது என்று நான் மனதார நம்பினேன்.

வழக்கமான வாடிக்கையாளர் என்பதால் கடையில் விசாரிக்க என்னையே அனுப்பினார்கள். நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் மாலையுமாக ஜெலுத்தோங் கடையில் போய் நின்றேன். சீனப் பெண், இருபது வயது இருக்கும். இது சைவமா என்று மலாயில் கேட்டேன். கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது மாம்பழம், அங்கிள்," என்றாள். "மாம்பழத்துல எப்படி இறைச்சி இருக்கும்?"

விடாமல் கேட்டதில் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். தாவர எண்ணெயிலிருந்து எடுத்த கிளிசரின் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. உடனே படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கும்பிட்ட கைகளும் 'முருகா முருகா'வும் வந்து குவிந்தன. நிக்கோட்டின் எவ்வளவு என்பது அதே பெட்டியில் அதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. அதை ஒரு சாமியும் படிக்கவில்லை. நிம்மதியாக இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்கேன் நாளும் வந்தது. மனைவி மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால் மருத்துவமனைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். வீட்டில் யாராவது புகைக்கிறார்களா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்ற கட்டத்தில் பெருமையோடு ஒரு கோடு போட்டேன்.

உள்ளே மலாய்க்கார டாக்டர், சின்ன வயதுப் பெண், படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேப் உண்டா, சார்?" என்று கேட்டார்.

என் சட்டையில் மாம்பழ வாசனை வந்திருக்க வேண்டும். அது சிகரெட் இல்லையே என்று ஆரம்பித்தேன். மண்டபத்தில் பேசிப் பேசிப் பழகிய பேச்சு, சரளமாகவே வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். சிகரெட் என்றால் பெட்டியைத் திறந்து பார்த்து எத்தனை குறைந்தது என்று சொல்லிவிடலாம். இதற்கு என்ன கணக்கு?

"அவருக்குத் தெரியாது, டாக்டர்," என்றாள் என் மனைவி. "எனக்குத் தெரியும்."

சொன்னாள். காலையில் கட்டிலை விட்டு எழும்புவதற்குள் நாலு. குளித்துவிட்டு மூன்று. பூசைக்கு விளக்கேற்றும் முன்னால் இரண்டு, ஏற்றிய பிறகு இரண்டு. டிவி பார்க்கும்போது விளம்பரத்துக்கு விளம்பரம். விரதத்துக்காக நான் ஹாலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்த பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டதையும் சேர்த்துச் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. கடைக்குச் சாமான் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் இரண்டு தடவை நின்று இருமினாள்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"சிகரெட்ட விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் அவ்ளோ சந்தோஷமா சொல்லிகிட்டு இருந்தீங்க," என்றாள். "கெடுக்க மனசு வரல."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அழுகை வந்தது. மருந்து வாங்கும் வரிசையில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

அன்று மாலை மண்டபத்துக்குப் போய், என் விரதம் முறிந்துவிட்டது, பால்குடம் எடுக்க மாட்டேன் என்று குருசாமியிடம் சொன்னேன். பெட்டியில் தாவர எண்ணெய் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று வேப் இழுக்கும் மற்ற ஆறு சாமிகளும் சண்டைக்கு வந்தார்கள். என் விரதம் முறிந்தால் அவர்களுடையதும் முறியும் அல்லவா. குருசாமி மாலையைக் கழற்றக் கை கொடுத்தார்.

நிழல் வளரவில்லை என்று தைப்பூசத்துக்கு முந்தின நாள் ஃபோன் வந்தது. ஹாலில் உட்கார்ந்து, அவள் எண்ணியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அத்தனையையும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் எண்ணியிருப்பாள்.