வாசலைப் பார்க்காத புத்தர்

பாறசாலையில் ரோட்டோரத்து சிமென்ட் சிலைக்கடை நிழலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். தங்க பெயின்ட் அடித்த புத்தர்கள் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு லாரிப் புழுதியை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

புது வீட்டுக்குச் சிலை வாங்க ஆட்டோவில் வந்த பெண் அதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

"வாசல் கேட்டைப் பாத்து வச்சா நல்ல ஐசுவரியமாக்கும்," என்கிறார் கடைக்காரர்.

"வேண்டாம் அண்ணா. பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு ராத்திரி எறங்கிப் போன ஆளாக்கும். வீட்டுக்குள்ள பாத்துதான் வைப்பேன். எனக்க மாப்பிளையும் மகன் பெறந்த ஒடனே கல்ஃபுக்குப் போனவராக்கும்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "புத்தர் பல வருஷம் கழிச்சு ஊருக்குத் திரும்பி வந்தாரும்மா," என்கிறேன்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்கிறது. "வந்து வீட்டில நின்னாரா?"

"இல்லை. மகனையும் துறவியாக்கிக் கூட்டிட்டுப் போயிட்டார்."

அவர் புத்தரையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். "மகனுக்கு நேத்துதான் பாஸ்போர்ட் வந்தது," என்கிறார்.

புத்தருக்குப் பதிலாக, வீட்டை முதுகிலேயே சுமக்கும் ஒரு சின்ன சிமென்ட் ஆமை ஆட்டோவில் ஏறுகிறது.

ஆட்டோ போனதும் கடைக்காரர் என் பக்கம் திரும்புகிறார். "சாரே, உங்க பஸ் வந்தாச்சு."

ரோட்டில் பஸ் எதுவும் இல்லை. நான் வெயிலில் இறங்கி நிற்கிறேன்.