கேட்டதற்கு மேல் ஒன்று

என் வேலை மேசையின் ஓரத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. மூடியில் அண்ணியின் பெயரும், கீழ்வேளூரில் நடந்த கல்யாணத்தின் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். இப்போது அதற்குள் கிடப்பவை: கனெக்டர்கள், எதிலும் பொருந்தாத திருகாணிகள், எதற்கு வாங்கினேன் என்று மறந்துபோன ஓர் அடாப்டர். அண்ணி அமெரிக்காவுக்குக் கிளம்பிய காலையில் அதில் முறுக்கு நிரப்பி என் கையில் கொடுத்தார். முறுக்கு தீர்ந்துவிட்டது, டப்பா திரும்பிப் போகவில்லை. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அண்ணி இந்த வழக்கத்தைப் பாத்திரத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அவர் கம்ப்யூட்டர் ஃபைலுக்கும் அதையே செய்தார். இது பாதி அவரைப் பற்றிய நினைவு, பாதி அதைப் பற்றிய புகார்.

நாங்கள் செய்யும் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். எழுத்தாக அடித்து எழுதும் புரோகிராம் அல்ல இது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்து இணைக்க வேண்டும். ஒரு பெட்டி மைக்கிலிருந்து சத்தத்தை வாங்கும். அடுத்தது அது எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்க்கும். அதற்கடுத்தது போதுமா போதாதா என்று முடிவு செய்யும். கடைசிப் பெட்டி படத்தைத் திரையில் விடும். கோடுகளை நாங்கள் கம்பி என்போம். என் கம்பிகள் நேராக இருக்கும், ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கும். அண்ணியின் கம்பிகள், மழை வருகிறதென்று கொடியிலிருந்து அவசரமாக அள்ளிப் போட்ட துணி மாதிரி கிடக்கும். ஆனால் ஓடும். அதுதான் எனக்கு எரிச்சல்.

அண்ணி சென்னையில் மேடைத் திரைகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு கும்பகோணத்துக்கு வந்தபோது சீரோடு சீராக இந்த மென்பொருளும் வந்தது. நான் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, என்னோடு படித்தவர்கள் எல்லோரும் போன ஊர்களுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போகவேண்டாம் என்று தோன்றியதற்குக் காரணம் தாராசுரம் போகும் சாலையில் இருந்த ஒரு கல்யாண மண்டபம். முதலாளி சிங்கப்பூரில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மணமேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு எல்.இ.டி. திரை போட்டிருந்தார். அதில் மணமக்கள் பெயரை மினுக்கிக் காட்டுவது அவருக்குப் போதவில்லை.

"கெட்டிமேளம் கொட்டுறப்ப சுவர் பூரா பூ கொட்டணும்மா. ஒருத்தன் பட்டனை அமுக்கி வரக்கூடாது. மேளத்தைக் கேட்டு அதுவா கொட்டணும். முடியுமா?" என்றார்.

"ஓ, முடியுமே" என்றார் அண்ணி. எவ்வளவு நாளாகும் என்று கேட்டிருக்க வேண்டும், எந்த மைக் என்று கேட்டிருக்க வேண்டும். என் மனதில் ஒரு பட்டியலே இருந்தது. அதை நான் வாய் திறந்து சொல்வதற்குள் இருவரும் காபி குடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

முதலாளியின் ஏற்பாடு எளிமையானது. முகூர்த்த மாதங்கள் முழுக்கச் சுவர் ஒழுங்காக நடந்தால் மண்டபத்தின் திரை, ஒலி எல்லாப் பராமரிப்பும் எனக்கு. நடக்காவிட்டால் பழையபடி தெர்மாகோல் அலங்காரம். எனக்குச் சென்னையில் ஒரு வேலை கையில் இருந்தது, பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேட்டு வைத்திருந்தேன். ஊரில் இருப்பதா கிளம்புவதா என்பதை அந்தச் சுவரிடம் விட்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சுவர் வேலை பாதியில் இருக்கும்போது அண்ணனுக்கு அமெரிக்க வேலை வந்தது. அண்ணனுக்கு வேலை விசா. அண்ணிக்கு மனைவி என்ற விசா. அங்கே இருக்கலாம், சமைக்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. முறுக்கு டப்பாவைக் கொடுத்தபோது, "ஃபைலை அனுப்பு, நான் பாத்துத் தர்றேன். எனக்கு அங்க வேற என்ன வேலை?" என்றார்.

சத்தத்தைக் கேட்கும் பகுதி முழுக்க அவர் கட்டியது. அந்தக் கம்பிச் சிக்கலுக்குள் நான் கை வைத்தால் ஒன்று சரியாகி இரண்டு கெடும். இணையத்தில் இந்த மென்பொருளுக்கென்று இருக்கும் குழுக்களில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் "ஸ்க்ரீன்ஷாட் போடுங்கள்" என்றார். போட்டேன். "தெளிவாக இல்லை" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், எனக்கும் இதே பிரச்சினைதான், தீர்வு கிடைத்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். தவிலும் நாதஸ்வரமும் என்ன சத்தம் போடும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. கடைசியில் அண்ணிதான் கதி. அவர் முதலில் திரையைப் போனில் படமெடுத்து அனுப்புவார். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பெட்டிக்குள் இருக்கும் எண் ஆறா எட்டா என்று நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பேன். சண்டை போட்டு ஃபைலையே அனுப்பும் பழக்கத்துக்கு அவரைக் கொண்டுவந்தேன். அதன்பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது.

முதல் குறை, பூ தாமதமாகக் கொட்டியது. மேளம் கொட்டி, தாலி ஏறி, அட்சதையும் போட்டு முடித்த பிறகு சாவகாசமாக ஒரு ரோஜா இதழ் இறங்கும். அண்ணி சரிசெய்து அனுப்பினார். பூப் படத்தை மேளம் கேட்டபிறகு எடுக்காமல், காலையிலேயே எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளும்படி ஒரு பெட்டி. கச்சிதமான வேலை. ஆனால் ஃபைல் வெறுமையாக வரவில்லை. நாதஸ்வரம் மேலே போகப் போக பூவின் நிறம் மாறும்படி இன்னொரு பெட்டிக் கூட்டமே உள்ளே உட்கார்ந்திருந்தது. மூலையில் ஒரு குறிப்புப் பெட்டி: "இதைப் பாரு, உனக்குப் புடிக்கும். சாப்டியா?" பிடிக்கத்தான் செய்தது. மண்டபத்துக் கம்ப்யூட்டருக்குத்தான் பிடிக்கவில்லை. அது மூச்சு வாங்கி, ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வந்தது. ஒரு பகல் முழுக்க வயரையும் மைக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் அந்த நிறம் என்று தெரிந்தது. கழற்றிப் போட்டேன்.

இரண்டாவது குறை, ஒரே கெட்டிமேளத்துக்குப் பூ இரண்டு தடவை கொட்டியது. இரண்டாம் கல்யாணமா என்று யாரோ கிண்டலடித்தார்களாம். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணிக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. ஒரு தடவை கொட்டினால் சற்று நேரம் கதவைச் சாத்திக்கொள்ளும் ஏற்பாடு. மண்டபத்தில் நாதஸ்வர ரெக்கார்டு ஒன்றை ஓடவிட்டுச் சோதித்தேன். அருமையாக இருந்தது. கூட வந்திருந்த இன்னொன்றை நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் ரெக்கார்டில் இடைவெளியே இல்லை.

அடுத்த முகூர்த்தத்தில் நடந்தது இதுதான். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றிக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் சற்றே ஓய்ந்து, நாதஸ்வரத்தின் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவர் மெதுவாக மங்க ஆரம்பித்தது. யாரும் எதையும் அணைக்கவில்லை. தட்டு மேடைக்குத் திரும்பியபோது மணமக்களுக்குப் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு சுவர் நின்றது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று விரலை ஆட்டினார்கள். மேளம் கொட்டியது. பூவும் கொட்டியிருக்கும், இருட்டுக்குள். சுவர் விடிந்து வருவதற்குள் மாலையே மாற்றி முடித்துவிட்டார்கள்.

முதலாளி என்னை மண்டபத்தின் பின்பக்கம் கூப்பிட்டார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "கரெண்டு போச்சுன்னா சொல்லிக்கலாம்மா. எல்லா லைட்டும் எரியுது, அது மட்டும் கறுப்பா நிக்குது. பொண்ணோட அத்தை என்னைப் பாத்த பார்வை இருக்கே... தாலி கட்டுற நேரத்துல கறுப்பு. இன்னொரு தடவைன்னா நான் தெர்மாகோலுக்கே போயிடுறேன், கோவிச்சுக்காதே."

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். கீழ் மூலையில் சின்னதாக ஐந்தாறு பெட்டிகள். மேளச் சத்தம் இல்லையென்றால் திரையை மங்கவைக்கும் ஏற்பாடு. பக்கத்தில் குறிப்பு: "யாரும் இல்லன்னா அதுவும் கொஞ்சம் தூங்கட்டும்." அண்ணியைக் கூப்பிட்டேன்.

"இதை யாருண்ணி கேட்டா?"

"யாரும் கேக்கல. கரெண்டு மிச்சம்தானேன்னு போட்டேன். ஏன், நல்லால்லையா?"

சொன்னேன். அவர் பக்கம் ஏதோ இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இங்க கீழ துணி துவைக்கிற ரூம் இருக்குடி. நெட்டு அங்கதான் நல்லா வருது. மெஷின்ல துணியைப் போட்டுட்டு உன் ஃபைலைத் தொறந்து உக்காந்துடுவேன். ரொம்ப நேரம் அசையாம இருந்தா லைட்டு தானா அணைஞ்சிடும். கையை இப்படி ஆட்டுனா எரியும். அதைப் பாத்துத்தான் தோணுச்சு."

எனக்கு அப்போது இருந்த கோபத்தில் அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. "அண்ணி, இனிமே கேட்டதை மட்டும் செஞ்சு குடுங்க. வேற ஒண்ணும் போடாதீங்க. எனக்கு இங்க வேலையே போயிடும்" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மற்றவர் ஃபைலில் கை வைப்பவர்களுக்கான முதல் விதி அது.

"சரிம்மா" என்றார். வழக்கமாக என்னை "டி" போட்டுப் பேசுகிறவர்.

மூன்றாவது குறை ஒன்று பாக்கியிருந்தது. பந்தியில் அண்டா மூடி விழுந்தாலும், யாராவது மைக்கைத் தட்டி ஹலோ சொன்னாலும் பூ கொட்டிவிடும். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து, கொஞ்ச நேரம் நீடித்து ஒலித்தால் மட்டுமே பூ கொட்ட வேண்டும் என்று கேட்டு எழுதினேன். ஃபைல் திரும்பி வந்தது. கேட்டது இருந்தது. கம்பிகள் நேராக இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி இருந்தது, என் பாணியில். வேறு எதுவும் இல்லை. நான் திரையைச் சுருக்கி, நான்கு மூலைக்கும் போய்ப் பார்த்தேன். பெட்டிகளுக்கு அடியில் ஏதாவது மறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். "சாப்டியா" கூட இல்லை.

அந்த ஃபைல்தான் இன்றுவரை ஓடுகிறது. அடுத்த முகூர்த்தத்தில் கெட்டிமேளம் எழுந்த கணமே சுவர் முழுக்கப் பூ இறங்கியது, சபையில் சின்னப் பிள்ளைகள் எழுந்து நின்று கையை நீட்டினார்கள். பராமரிப்பு வேலை எனக்கு வந்தது. சென்னைக்கு வேண்டாம் என்று எழுதினேன். அண்ணியிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டார். அதன்பிறகு அனுப்புவதற்குக் குறை ஏதும் இருக்கவில்லை. எங்கள் பேச்சு மழை, உடம்பு, அண்ணனின் ஆபீஸ் என்று போனது. விசா மாறி அவருக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. போனவாரம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இங்க கேட்டதுக்கு மேல ஒரு கம்பி இழுத்தாலும் ஏன்னு மீட்டிங் போட்டுக் கேக்குறாங்க. நல்லவேளை, எனக்கு உங்கிட்டயே பழகிடுச்சு." குத்தலா பாராட்டா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

குத்தாலத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் இந்த வாரம் அமெரிக்கா போகிறார். அண்ணி மெசேஜ் அனுப்பியிருந்தார்: "எங்கம்மா என் பேர் வெட்டிக் குடுத்த டப்பா, அதை மட்டும் குடுத்து விடு. அவருக்கு வெயிட் பிரச்சினையாம். வேற எதுவும் வேண்டாம்." அவர் எழுதிய மெசேஜ்களிலேயே இவ்வளவு தெளிவாக ஒன்று வந்ததில்லை. இதைவிடச் சரியாக நானே எழுதியிருக்க முடியாது.

திருகாணிகளையும் அடாப்டரையும் வேறு பெட்டியில் கொட்டினேன். டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்தேன். மூடியை மூடினேன். குத்தாலத்துக்காரருக்குப் போன் செய்து, கொஞ்சம் கனம் கூடினால் பரவாயில்லையா என்று கேட்டேன். "எவ்வளவும்மா?" என்று அலுத்துக்கொண்டார். மறுபடி திறந்து, மோர் மிளகாயை வாய்வரை அமுக்கி நிரப்பினேன். மேலே ஒரு காகிதத்தை மடித்து வைத்தேன், "சாப்டீங்களா" என்று எழுதி.

அண்ணி கேட்டது டப்பாவை மட்டும்தான்.