மாவு தின்ற கார்

போன வருஷத்துக்கு முந்தின தை மாதம். தேவகோட்டையிலிருந்து கொத்தமங்கலம் போகிற வழியில், இரண்டு பக்கமும் கருவேல மரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஓர் இடத்தில் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயர்கிற நேரம்.

அப்போது நான் ஓர் அக்காவிடம் டிரைவர் வேலையில் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா என்று கூப்பிடுவேனே தவிர உறவு கிடையாது. கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறவர். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று டின் டினாகப் போகும். புருஷன் இறந்த பிறகு வீட்டுப் பின்கட்டில் ஒரே ஓர் அடுப்போடு ஆரம்பித்தாராம். நான் போனபோது ஒரு கூட்டமே அங்கே வேலை பார்த்தது.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனர், சத்தீஸ்கரில் போர்வெல் வண்டி, சூரத்தில் சாயப்பட்டறை, மஸ்கட்டில் தண்ணீர் லாரி என்று சுற்றியிருக்கிறேன். எங்கேயும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. சில இடங்களில் நானாகக் கிளம்பினேன், பல இடங்களில் கிளப்பி விட்டார்கள். ஒரு மெஷின் நின்றுபோனால் முதலாளி மெஷினைப் பார்க்க மாட்டார், அதைக் கடைசியாகத் தொட்டவனைத்தான் பார்ப்பார். போர்வெல் வண்டியில் கம்ப்ரசர் போன அன்று அப்படித்தான் இறக்கி விட்டார்கள். ஊருக்கு வர டிக்கெட்டுக்கு வழியில்லாமல் ராய்ப்பூர் ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தேன். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, தொழில் அப்படி. ஆனால் அன்றிலிருந்து என் துணிப்பையை முழுதாகப் பிரிப்பதை விட்டுவிட்டேன்.

அக்காவிடம் இருந்தது பழைய ஹைபிரிட் கார். பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும். பெங்களூரிலிருந்து வந்த ஒரு செட்டியார் குடும்பம் வைத்திருந்து விற்றதை வாங்கியிருந்தார். சந்து சந்தாக நின்று நின்று போகிற எங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் செலவு ரொம்பக் குறைவு. சத்தமே வராது. ஓட்ட ஓட்ட எனக்கே அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போனோம். சாயங்காலம் சாமான் பரப்புகிறார்கள். பெண்ணுக்குக் கொடுக்கிற சீரையெல்லாம் வீட்டு முற்றத்து வளவில் வரிசையாகப் பரப்பி வைத்து, வந்தவர்கள் பார்க்கிற சடங்கு அது. அந்த வரிசையில் எங்கள் டின்களும் நிற்க வேண்டும். வழியில் கார் ஒரு தடவை வெட்டி இழுத்தது. மீட்டர் பலகையில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் முழுதாக நின்றுவிட்டது. என்ன செய்தும் உயிர் வரவில்லை.

எனக்குப் பயம் வந்தது. காருக்காக இல்லை, வண்டியை என்ன செய்தாய் என்று அடுத்து வரப்போகிற கேள்விக்காக. அக்கா அதைக் கேட்கவே இல்லை. இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரோட்டின் நடுவில் போய் நின்றுவிட்டார். வந்தது ஒரு டவுன் பஸ். மறித்தே விட்டார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “முறுக்குக்கும் டிக்கெட் போடணுமேக்கா” என்றார்.

“போடுங்க. ஆனா முறுக்கு நிக்காது, உக்காந்துதான் வரும்” என்றார் அக்கா.

பஸ்ஸே சிரித்தது. வைக்க இடமில்லை. அக்கா ஒவ்வொரு டின்னாக என்னிடம் வாங்கி, ஏறி இறங்கி, உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் வைத்தார். காலேஜ் பெண்கள், சந்தைக்குப் போய்த் திரும்பிய சம்சாரிகள், பிள்ளையை வைத்திருந்த ஒரு தாய், எல்லார் மடியிலும் ஒரு டின். கல்யாணத்துக்குப் போகிறது, யாரும் மூடியைத் திறந்து எண்ணிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கடைசி டின்னைத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். ஏறும்போது என்னிடம், “வண்டிய விட்டு நகராதீக தம்பி, தண்ணி பாட்டில் முன்சீட்டுல கெடக்கு” என்றார். அவ்வளவுதான். சாமான் பரப்பும்போது டின்கள் வரிசையில் நின்றன என்று பிறகு போன் வந்தது.

இரண்டு நாள் கழித்து, காரைத் தூக்கிக்கொண்டு போன மதுரைப் பட்டறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அக்காவின் அண்ணனும் வந்தார். அவர் கவர்மெண்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அதட்டித்தான் பேசுவார். மெக்கானிக் பின்சீட்டைக் கழற்றி வைத்திருந்தார். பேட்டரியைக் குளிர வைக்கிற சின்ன ஃபேன், சுண்ணாம்பு பூசியது மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. அவ்வளவும் அரிசி மாவு. பின்சீட்டின் ஓரத்தில் இருக்கிற வலைதான் அந்த பேட்டரி மூச்சு விடுகிற வழியாம். மில்லிலிருந்து வருகிற மாவு மூட்டைகளை அதில்தான் சாய்த்து வைப்போம்.

“காருக்குள்ள இடியாப்பக் கடை போட்டிருந்தீகளா?” என்று மெக்கானிக் கேட்டார்.

பேட்டரி வெந்து போய்விட்டது, புதிது போடலாம், ஆனால் இந்த வயசான வண்டிக்கு அந்தச் செலவு கட்டாது என்றும் சொன்னார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “வண்டியக் கையில வச்சிருக்கிறவன் இதைப் பாக்க வேணாமா? வேற ஆளப் பாரு” என்று அக்காவிடம் சொன்னார்.

நான் தலையைக் குனிந்து நின்றேன். அக்கா குனிந்து அந்த ஃபேனிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து, விரலால் நுணுக்கிப் பார்த்தார்.

“மாவு என்னோடது. மூட்டையச் சீட்டுல ஏத்துனதும் நான். இவரு வாரதுக்கு முன்னாடியே இம்புட்டும் ஏறிருச்சு. இதுல இவரத் தேடுனா என்ன கெடைக்கும்?” என்றார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார். “அந்த வலைய நான் ரேடியோ பாடுற இடம்னுல்ல நெனச்சேன்.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்படியும் அன்று சாயங்காலம் பையை எடுத்துக் கட்டினேன். அக்கா மனசு எனக்குத் தெரியும். ஆனால் காரே இல்லாத இடத்தில் டிரைவருக்கு என்ன வேலை? ஒரு சரக்கு ஆட்டோவை வாடகைக்குப் பிடித்தால் போதும், இந்த பேட்டரி வண்டிச் சகவாசமே வேண்டாம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். நியாயமான பேச்சுதான். அக்கா கேட்டுக்கொண்டே மாவு சலித்துக்கொண்டிருந்தார். போகச் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.

அடுத்த வாரம் அக்கா என்னிடம், திருச்சிக்கு வண்டி பார்க்கப் போகிறோம், வாங்க என்றார். மாவுக்கு மட்டும் சரக்கு ஆட்டோ, பலகாரத்துக்கு மறுபடியும் ஹைபிரிட் கார்தான் என்று முடிவு செய்திருந்தார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “இத்தன வருசம் மாவத் தின்னுக்கிட்டே ஓடிருக்கு. அதுமேல என்ன குத்தம் சொல்ல?” என்று அக்கா அவரைக் கேட்டார்.

பழைய கார்கள் விற்கிற இடத்தில் அக்கா கேட்டது ஒரே கேள்வி. விற்கிற பையன் ஒவ்வொரு வண்டியாகத் திறந்து டிவி மாதிரி இருக்கிற திரையைக் காட்டுவான். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்சீட்டில் ஏறி, “இது எங்குட்டு மூச்சு விடும்?” என்பார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. போன் போட்டு யாரையோ கேட்டுக் கேட்டுக் காட்டினான்.

ஒரு வண்டி அவருக்குப் பிடித்தது. சாவியை வாங்கி என்னிடம் நீட்டினார். “ஓட்டிப் பாருங்க தம்பி. உங்களுக்குச் சரின்னா எனக்குச் சரி” என்றார். இத்தனை ஊரில் இத்தனை வண்டி ஓட்டியிருக்கிறேன், உனக்குச் சரியா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பிரேக் கொஞ்சம் இழுக்கிறது என்றேன். வேண்டாம் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கடுத்ததைத்தான் வாங்கினோம்.

கோவிலூர் கோயில் வாசலில் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தோம். அண்ணன் முன்சீட்டில் இருந்தார், “பாத்து ஓட்டுய்யா” என்று மட்டும் சொன்னார். அக்கா பின்னால் உட்கார்ந்து அந்த வலையில் கையை வைத்துக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும், “காத்து இழுக்குது தம்பி” என்றார், பிள்ளை பால் குடிக்கிறது என்று சொல்கிற மாதிரி.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அக்கா வீட்டுப் பின்கட்டில் மாவுச் சல்லடைகளைக் கழுவிக் காய வைக்கும்போது, அவற்றோடு கார் வலையும் வெயிலில் காய்கிறது. கழற்றி மாட்டுவது என் வேலை. அதை மாட்டும்போதெல்லாம், நடு ரோட்டில் நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் நின்ற என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் பஸ்ஸை மறிக்கப் போன அந்த முதுகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. புது வண்டி வந்த அன்று ராத்திரி அதை நினைத்த பிறகுதான் என் துணிப்பையை முழுதாகப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட எனக்கு மனசு வந்தது.