ஜாடியில் நாற்பத்தொன்று

என் பெரியப்பா மகன் ஆர்வில் ஸ்டில்ட்னரைப் பற்றி எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் முதுகைப் பற்றித்தான் சொல்வார்கள். இருபத்துநாலு வருஷம் மூன்றடி உயர நிலக்கரிச் சுரங்கத்தில் மண்டியிட்டே வேலை பார்த்தவன். தலைக்கு மேல் இருக்கும் பாறை சரியாமலிருக்க நீள நீளமான இரும்பு ஆணிகளை இறக்குவது அவன் வேலை. ஒருநாள் அவன் ஆணியை இறக்குவதற்குள் பாறை முந்திக்கொண்டது. முதுகை இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு நிமிர்ந்தால் ஒரு வலி, குனிந்தால் ஒரு வலி, சும்மா இருந்தால் இன்னொரு வலி.

தினமும் மூன்று மாத்திரை. அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை, பழகினால் விடாதது. அதன் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தங்கை மகனை இருபத்தாறு வயதில் அதற்குத்தான் பறிகொடுத்தோம். எங்கள் பள்ளத்தாக்கில் அது புகாத வீடு கிடையாது. அதனால் ஆர்வில் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் நான் எதையாவது சொல்லிக் குத்துவேன்.

"என்ன, துரைக்கு வலி போயிடுச்சா?"

"எங்க போகும்? இங்கதான் இருக்கு. கொஞ்சம் தள்ளி உக்காருன்னா கேக்குது, அவ்வளவுதான்."

வலி அப்படிக் கொஞ்சம் தள்ளி உட்காருவதை வைத்துத்தான் அந்த வீடே ஓடியது. அவன் மனைவி ஜூவலுக்கு நாலு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் நாலைந்து சொல்லோடு நின்றுபோனது. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, ராத்திரி மறுபடி கட்டிலுக்கு என்று ஆர்வில்தான் அவளைத் தூக்க வேண்டும். மாத்திரை இல்லாவிட்டால் தூக்க முடியாது. தூக்க முடியாவிட்டால் அவள் அறுபது மைல் தள்ளியிருக்கும் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

ஒரு தடவை போகவும் செய்தாள். மூன்று வருஷத்துக்கு முன் பழைய டாக்டர் ஒரு திங்கட்கிழமை, இனி வைத்தியம் கிடையாது என்று கதவில் காகிதத்தை ஒட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். இன்னொரு டாக்டர் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. மாத்திரை நின்றதும் ஆர்வில் வியர்த்து, நடுங்கி, தரையிலேயே கிடந்தான். ஜூவல் அந்த ஐந்து வாரமும் காப்பகத்தில் இருந்தாள். இடுப்பில் படுக்கைப் புண்ணோடு திரும்பி வந்தவள் பத்து நாள் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இப்போது இருக்கும் டாக்டர் பிரெஸ்காட் சின்னப் பெண். கண்டிப்பானவள். மாத்திரை வேண்டுமென்றால் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கும் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, கூப்பிட்ட அன்றே மிச்ச மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து எண்ணிக் காட்ட வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மாத்திரை நிற்கும்.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் போன் வந்தது. ஆர்விலால் அவ்வளவு தூரம் கார் ஓட்ட முடியாது. நான் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், அதனால் இந்த ஊர்வலமெல்லாம் என் பொறுப்பு. ஜூவலுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுக்காரியை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினோம். சுரங்க இயந்திரச் சத்தத்தில் அவனுக்குக் காது மந்தமாகிவிட்டதால் உள்ளேயும் நான் கூடவே போவேன்.

நர்ஸ் ஒரு தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, பட்டைக் கரண்டியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினாள். முப்பத்துமூன்று இருக்க வேண்டும், முப்பத்துமூன்று இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் இந்த மகராசன் கோட்டுப் பையிலிருந்து ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இதையும் எண்ணிக்கம்மா. இருக்கிறது எல்லாத்தையும் கொண்டு வரணும்னு எழுதியிருக்கே."

முகத்தில் ஒரு பெருமை வேறு. நல்ல பிள்ளை என்று முதுகில் தட்டிக் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டான். ஜாடியில் நாற்பத்தொன்று இருந்தது. நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனாள். நான் அவன் காதருகே குனிந்தேன்.

"அட மடையா! இத யாரு உன்னக் கொண்டுவரச் சொன்னது?"

"கொறஞ்சாத்தானே தப்பு? கூட இருந்தா என்ன தப்பு?"

 டாக்டர் பிரெஸ்காட் வந்து ஜாடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"மிஸ்டர் ஸ்டில்ட்னர், இவ்வளவு மிச்சம் இருந்தா ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, உங்களுக்கு மூணு தேவையில்ல. இல்லன்னா, வேற எங்கயோ வாங்குறீங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் குறைச்சுத்தான் ஆகணும்."

ஆர்விலின் முகம் வெளிறிப் போனது. சத்தமாகத்தான் பேசினான், செவிடர்கள் பேசுவதுபோல.

"டாக்டரம்மா, சுரங்கத்துல எறங்குறவன் சாப்பாட்டு வாளியக் காலி பண்ண மாட்டான். அடியில ஒரு வாய்த் தண்ணி, ஒரு துண்டு ரொட்டி விட்டு வைப்பான். மேல கல்லு விழுந்து வழி அடைச்சா எத்தன நாளுன்னு யாருக்குத் தெரியும்? வழிச்சுத் தின்னவனோட நாங்க வேலைக்கே போக மாட்டோம். கோடையில பக்கத்து ஊரு ஆஸ்பத்திரிய மூடிட்டாங்க. அன்னிலேர்ந்து சேக்குறேன். மறுபடி ஜூவல அந்தக் காப்பகத்துக்கு அனுப்ப மாட்டேன்."

"எந்த நாள் மாத்திரை இது?"

"ஞாயித்துக்கிழம. மூணும்."

"ஏன் ஞாயிறு?"

"சர்ச் பொம்பளைங்க வந்து அவளத் தூக்கிக் குளிப்பாட்டி, ராத்திரி படுக்கவும் வெச்சிடுறாங்க. அன்னிக்கு எனக்கு மட்டும்தானே வலிக்கும். அதுக்கு எதுக்கு மாத்திரைய வீணாக்கணும்?"

அந்த சர்ச் பொம்பளைகளில் நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை அவன் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். 'நாம வந்து மாடா உழைக்கிறோம், துரைக்குத் தூக்கம் கேக்குது' என்று ஜூவல் காதில் விழவே சொல்லியிருக்கிறேன். கதவுக்குப் பின்னால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வியர்த்துக் கிடந்திருக்கிறான். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

டாக்டர் நாட்காட்டியைப் புரட்டினாள். "பதினாலு ஞாயிறு. நாப்பத்திரண்டு வரணும். நாப்பத்தொண்ணுதான் இருக்கு. அந்த ஒண்ணு எங்க?"

ஆர்வில் ஜாடி மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.  எவனுக்காவது கொடுத்துத் தொலைத்தானா? கொடுத்திருந்தால் கதை முடிந்தது.

"சொல்லித் தொலையேன்டா!"

அவன் காது சிவந்துபோய்த் தரையைப் பார்த்தான். "செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழம எங்க கல்யாண நாளு. ஜூவல் தன் பக்கத்து நாக்காலியக் கையால தட்டிக் காட்டுனா. சாப்பாட்டு மேஜையில அவகூட ஒக்காரணும்னு. அதுக்காக ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

 டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மூணு மூணாவே இருக்கட்டும்," என்றாள். "ஆனா ரெண்டு விஷயம். விட்டு விட்டுப் போட்டா உடம்புதான் கெடும், அதனால ஞாயித்துக்கிழமையும் போடணும். இந்த ஜாடிய இங்கயே அழிச்சிடணும். வீட்டுல இவ்வளவு வெச்சிருக்கிறது ஆபத்து."

"அப்புறம் ஒருநாள் நீங்களும் காகிதத்த ஒட்டிட்டுப் போயிட்டா?"

"போக மாட்டேன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது, மிஸ்டர் ஸ்டில்ட்னர்."

"பண்ணியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்," என்றான்.

கரித்தூள் போட்ட பை ஒன்றை நர்ஸ் நீட்டினாள். அதில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிறகு யாருக்கும் பயன்படாது. ஆர்வில் ஜாடியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே கொட்டினான், ஒவ்வொன்றாக. ஒரு மாத்திரையைப் பார்த்து என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஐயோ என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு காலை நான் போய் அவன் மாத்திரை போடும்வரை பக்கத்தில் நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினான். ஜூவலைக் குளிப்பாட்டி மேஜைக்குக் கொண்டு வந்து உணவைப் பரிமாறினோம். கோழியும் மாவுருண்டையும். ஆர்வில் மெல்ல நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜூவல் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்து, தனக்கு மிஞ்சியிருக்கும் நாலைந்து சொல்லில் ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"கல்யாணமா?" என்று கேட்டாள்.

"இல்லடி கண்ணு," என்றான் ஆர்வில். "இன்னிக்கு வெறும் ஞாயித்துக்கிழமதான்."