புறப்பட்டவளிடம் கேட்ட கேள்வி

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தாய் இல்லை. தகப்பன் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனையை அவள் எடுத்த வருடம் ஒழுங்கையே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் காசு வாங்காமல் சும்மா படிப்பித்தார். சனசமூக நிலைய இளைஞர்கள் பழைய வினாத்தாள்களைத் தேடிக் கொடுத்தார்கள். காலைச் சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போனது. எங்கள் முறை வந்தால் என் அம்மா வெள்ளாப்பிலேயே எழும்பி இடியப்பம் அவித்து, சொதியும் முட்டைப் பொரியலுமாகக் கொண்டு ஓடுவார்.

எனக்கு வயிறு எரிந்தது. முந்தின வருடம்தான் நானும் அதே சோதனை எழுதி, கம்பஸ் கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். அப்போது என்னை யார் திரும்பிப் பார்த்தார்கள்? "உனக்கென்ன பிள்ளை, தாய் தேப்பன் இருக்கினம்" என்று எல்லாரும் போய்விட்டார்கள். தாய் இருந்தது என் குற்றமா?

"அம்மா, எனக்கு ஒருநாளாவது உப்பிடி விடிய எழும்பி அவிச்சுத் தந்தனீங்களோ?"

"சீ, வாயை மூடு. தாயில்லாப் பிள்ளையோடை போட்டி போடுறியோ?"

ஓம், போட்டிதான். அதிலென்ன ஒளிப்பு மறைப்பு?

எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டுப் போகிறவரை "எங்கை போறாய்" என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் சரிவராது என்பார்கள். யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வீட்டுக்குப் போய், சற்று இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முதல் சோதனை நாள் காலை, அவள் எங்கள் வாசல் படலையடியால் சைக்கிளில் வந்தாள்.

"எங்கையடி போறாய்?" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினாள். அம்மா அடுப்பை விட்டுவிட்டுக் குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாசமாப் போனவளே, உன்ரை வாயிலை என்ன சனியனோ?"

ஐந்து நிமிடத்தில் அவள் கத்திக்கொண்டே திரும்பி வந்தாள்.

"மாமி, அனுமதி அட்டையைச் சாமிப் படத்தடியிலை வைச்சுக் கும்பிட்டுட்டு அப்பிடியே மறந்துபோனன்! அக்கா கேட்டிருக்காட்டி இண்டைக்கு அவ்வளவுதான்!"

மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுக்க என் புகழ். "என்ரை பிள்ளைக்கு ஏதோ மனசிலை பட்டிருக்கு, அதுதான் கேட்டிருக்கிறாள்" என்று அம்மா வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். எத்தனை நாள் ஏங்கிய பெருமை! கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பேராதனைக் கம்பஸ் கிடைத்தது. போக முன்னர் சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா தேத்தண்ணி போட உள்ளே போனதும் கிட்ட வந்து மெல்லச் சொன்னாள்:

"அக்கா, நீங்கள் வேணுமெண்டுதான் கேட்டனீங்கள். அண்டைக்கே எனக்குத் தெரியும். மாமிக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

அவள் கையைப் பிடித்து அழுதிருக்கலாம். செய்யவில்லை. கெட்டித்தனம் மட்டும்தான் அவளுக்கு என்று நினைத்திருந்தேன். பெரிய மனசும் இவளுக்குத்தானா என்று, அந்த நிமிடமும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.